வாசனையும் வேண்டும், திரும்பத் திரும்பப் பூக்கவும் வேண்டும்: எந்த மஞ்சள் புதர் ரோஜா? (வாசல்படி கேட்க, மற்றவர்கள் புனைபெயரில் சொன்ன பதில்கள்)

வாசல்படி:

நடைபாதையை ஒட்டி 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி காலியாக இருக்கிறது. அதில் மஞ்சள் ரோஜா மட்டும் வைக்கத் திட்டம். காலையிலிருந்து பிற்பகல் 1 மணி வரை நேர் வெயில், பிறகு சுவர் நிழல் விழும். களி கலந்த மண், பி.எச். 7.4. கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், உறைபனி கிடையாது.

எனக்கு வேண்டியவை: பாதையில் போகிறவர் மூக்குக்கு எட்டும் வாசனை. ஒரு சுற்று பூத்து ஓய்ந்துவிடாமல் மறுபடி மறுபடி பூப்பது. இடுப்பு உயரம், மிஞ்சினால் 1.2 மீட்டர். மொட்டில் மஞ்சளாக இருந்துவிட்டு மறுநாளே வெளுத்துப் போகாத நிறம். வாரம் தவறாமல் மருந்தடிக்க என்னால் முடியாது.

கிரஹாம் தாமஸ், கோல்டன் செலிப்ரேஷன், மோலினூ, ஜூலியா சைல்ட், கொரேசியா ஆகிய ஐந்தைக் குறித்து வைத்திருக்கிறேன். பெர்ஷியன் எல்லோ கிடைத்தால் வேறு எதுவும் தேவையில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம், எதை விடலாம்? ஒட்டுச்செடி வாங்குவதா, சொந்த வேரில் வளர்ந்ததா?

பதியன்:

பெர்ஷியன் எல்லோவை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது ரோசா ஃபெட்டிடா என்ற காட்டு ரோஜாவின் அடுக்கிதழ் வடிவம். நிறத்தில் அதை அடிக்க ஆள் இல்லை, உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு சுற்றுதான் பூக்கும், சில வாரங்களில் முடிந்துவிடும். வாசனையும் ரோஜா வாசனை அல்ல. பலருக்கு அது நெடியாகவே படும். கரும்புள்ளி நோய்க்கு அது மிகவும் பிடித்த செடி. ஹாரிசன்ஸ் எல்லோ, மஞ்சள் பாங்க்சியா, ரோசா ஹூகோனிஸ், ஃப்ரூலிங்ஸ்கோல்ட் ஆகியவையும் ஒரு முறை பூக்கும் வகைகளே. நாற்றுப் பண்ணையில் அவை பூத்து நிற்கும் அந்த ஒரு பருவத்தில் பார்த்துவிட்டு மயங்கி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

மஞ்சளில் மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு அது உதவும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் பெர்னே-துஷே பல ஆண்டு முயன்று, பெர்ஷியன் எல்லோவின் மகரந்தத்தைத் திரும்பப் பூக்கும் ரோஜாக்களில் சேர்த்தார். அந்த வழியில் பிறந்த சொலேல் தோர் 1900-இல் வெளிவந்தது. இன்றைய அழுத்தமான மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கிளையில் அங்கே போய்ச் சேரும். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இளகிக் கொடுக்கும் குணமும் கூடவே வந்தது. பல தலைமுறை கலப்புக்குப் பிறகு அது குறைந்திருக்கிறது, முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே மஞ்சள் ரோஜாவில் நிறம், வாசனை, மறுபூப்பு, நோய் தாங்கும் திறன் நான்கும் சேர்ந்து அமைவது சிவப்பிலும் இளஞ்சிவப்பிலும் அமைவதைவிட அரிது. நான்கில் எதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

வாசனையைப் பற்றியும் ஒன்று. பன்னீர் வாசனை என்று நாம் சொல்வது ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தனால் போன்றவற்றால் வருவது. மஞ்சள் ரோஜாவில் அந்தக் கனத்த வாசனை அபூர்வம். இங்கே கிடைப்பது தேயிலை வாசனை, எலுமிச்சை, பழ வாசனை, சில வகைகளில் சோம்பு. தேயிலை வாசனைக்குச் சீன ரோஜாக்களின் வழி வந்த டைமீத்தாக்ஸிடொலுயீன் என்ற சேர்மம் காரணம். பழ வாசனையில் ஒரு பங்கு, இதழுக்கு மஞ்சள் தரும் கரோட்டினாய்டுகளே சிதைந்து உண்டாவது. பன்னீர் வாசனையை எதிர்பார்த்து மஞ்சள் ரோஜாவை முகர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்குரிய வாசனையை அதிலேயே தேடினால் நிறைவாக இருக்கும்.

உங்கள் ஐந்தைப் பற்றி என் கருத்து:

கிரஹாம் தாமஸ். ஆங்கிலேய ரோஜா உருவாக்குநர் டேவிட் ஆஸ்டின் 1983-இல் வெளியிட்டது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2009-இல் உலகின் விருப்ப ரோஜாவாகத் தேர்ந்த வகை. நிறம் ஆழம், தேயிலை வாசனை தெளிவு. அழகில் குறை சொல்ல இடமில்லை.

கோல்டன் செலிப்ரேஷன், 1992. வாசனையை மட்டும் வைத்துச் சொன்னால் ஆஸ்டின் மஞ்சள்களில் இதற்கே என் ஓட்டு. பூ புதிதாக விரியும்போது தேயிலை, நாள் ஆக ஆக இனிப்பு ஒயினும் ஸ்ட்ராபெர்ரியும் கலந்தாற்போல் மாறும். பூவின் கனத்தில் கொம்பு வளைந்து தலை கவிழும். கோடு போட்டாற்போல் நிற்கிற செடி வேண்டுமென்றால் இது ஆகாது.

மோலினூ, 1994. ஆஸ்டின் வகைகளில் அடக்கமாக, நிமிர்ந்து, விடாமல் பூப்பது. வாசனை நடுத்தரம்.

கொரேசியா. கோர்டெஸ் நிறுவனத்தின் ஃபுளோரிபண்டா, அதாவது கொத்துக் கொத்தாகப் பூக்கும் வகை. ஃப்ரீசியா, சன்ஸ்பிரைட் என்ற பெயர்களிலும் விற்பார்கள். மூன்றும் ஒரே செடி, மூன்று வகை என்று நினைத்து மூன்றையும் வாங்கிவிடாதீர்கள். வாசனைக்கான ஜேம்ஸ் அலெக்சாண்டர் கேம்பிள் பதக்கம் 1979-இல் இதற்குக் கிடைத்தது. ஃபுளோரிபண்டாவில் அந்த அளவு வாசனை அரிது.

ஜூலியா சைல்ட், 2004. வெண்ணெய் மஞ்சள், சோம்பு வாசனை, பளபளக்கும் இலை. ஐந்தில் நோயை அதிகம் தாங்குவது இதுதான். பிரிட்டனில் இதன் பெயர் அப்சல்யூட்லி ஃபேபுலஸ்.

மருந்தடிக்க முடியாது என்கிறீர்கள், உயரமும் 1.2 மீட்டருக்குள். அப்படியானால் ஜூலியா சைல்ட் முதலில், மோலினூ அடுத்தது. வாசனையில் விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் கொரேசியா.

ஒட்டுக்கணு:

பதியன் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. கிரஹாம் தாமஸைப் புகழ்ந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார், அதை முடித்து வைக்கிறேன். உறைபனி இல்லாத, வெயில் காயும் இடத்தில் அதை 1.2 மீட்டரில் நிறுத்த முடியாது. குளிர் நாட்டு விவரப் பட்டியலில் 1.2 முதல் 1.5 மீட்டர் என்று போட்டிருக்கும். வெப்பமான இடத்தில் 2.5 மீட்டர் கொம்பு விடும், கொடி ரோஜாவாகவே நடந்துகொள்ளும். அதை ஒவ்வொரு முறையும் இடுப்பளவுக்கு வெட்டினால் செடி தன் பலத்தையெல்லாம் மறுபடி கொம்பு விடுவதில் செலவழிக்கும், பூ பின்தங்கிப் போகும். கோல்டன் செலிப்ரேஷனும் அதே ரகம்தான், 2 மீட்டருக்குக் குறையாது. பின்னால் சுவர் இருக்கிறதே, அங்கே ஒரு கம்பி வலை கட்டிக் கொம்புகளைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டினால் கிரஹாம் தாமஸ் பிரமாதமாக வரும். கொம்பு நிமிர்ந்திருந்தால் நுனிமொட்டு மட்டும் வளரும். படுத்தால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பூத்தளிர் கிளம்பும். ஆனால் நீங்கள் கேட்டது புதர். அதனால் இரண்டையும் விடுங்கள்.

விவரப் பட்டியல் உயரங்களைப் பற்றி பொதுவாகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: குளிர் நாட்டில் எழுதியதென்றால் வெப்ப நாட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு. மோலினூ 90 சென்டிமீட்டர் என்று இருந்தால் உங்களிடம் 1.2 முதல் 1.3 மீட்டர் வரும். ஜூலியா சைல்டும் கொரேசியாவும் 75 முதல் 90 என்று இருந்தால் ஒரு மீட்டரை ஒட்டி நிற்கும். மூன்றுமே ஏறத்தாழ உங்கள் அளவுக்குப் பொருந்தும், மோலினூ மட்டும் சற்று மீறலாம்.

நிறம் வெளுப்பதைக் கேட்டிருந்தீர்கள். கரோட்டினாய்டு கடும் வெயிலிலும் வெப்பத்திலும் சிதையும். அதனால் எந்த மஞ்சளும் உச்சிக் கோடையில் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு. கொரேசியா இதழ் உதிரும் வரை மஞ்சளாகவே நிற்கும், இதழும் செடியில் ஒட்டிக் காயாமல் சுத்தமாக உதிரும். அதுதான் அதன் பெரிய பலம். ஜூலியா சைல்ட் கோடையில் ஒரு படி இளகி வெண்ணெய் நிறத்துக்கு வரும், வெள்ளையாகாது. மோலினூ கடும் வெயிலில் வெளி இதழில் வெளுத்து, நடுவில் ஆழ்ந்த மஞ்சளை வைத்திருக்கும். இந்தப் பட்டியலில் இல்லாத ஆர்தர் பெல்லை யாராவது பரிந்துரைத்தால் கவனியுங்கள்: 1965-இல் வந்த வகை, வாசனை அபாரம், ஆனால் இரண்டாம் நாளே பாலேட்டு நிறம். நிறம் முக்கியம் என்பவருக்கு அது ஒத்துவராது. உங்களுக்குப் பிற்பகல் நிழல் விழுகிறதே, மஞ்சள் ரோஜாவுக்கு அது வரம். காலை வெயில் 6 மணி நேரம் கிடைத்துவிடுகிறது, நிறத்தைச் சுடும் 2 மணி வெயில் விழுவதில்லை.

வாசனையை மதிப்பிடும் முறை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பண்ணைக்குப் போனால் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், காற்று அதிகம் இல்லாத நேரத்தில், பாதி விரிந்த பூவை முகருங்கள். மொட்டில் வாசனை இருக்காது, முற்றிய பூவில் போயிருக்கும். நண்பகலில் போனால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிட்டிருக்கும். நல்ல வகையைக்கூட வாசனையில்லை என்று தள்ளிவிடுவீர்கள். பிறகு செடியை விட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். மூக்கை இதழுக்குள் வைத்தால் மட்டும் தெரியும் வாசனை வேறு, காற்றில் வரும் வாசனை வேறு. பாதைக்கு வேண்டியது இரண்டாவது. கொரேசியாவில் அது இருக்கிறது. மோலினூவில் கிட்டப் போனால்தான். தொட்டிச் செடியில் முதல் ஆண்டு விடும் பூவை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். வேர் பிடித்த செடியில் இதழ் எண்ணிக்கையும் வாசனையும் கூடும்.

இன்னொரு பெயரையும் சேர்க்கிறேன்: லேடி ஹில்லிங்டன், 1910-ஆம் ஆண்டு டீ ரோஜா. சர்க்கரைப் பாதாமி கலந்த மஞ்சள், தேயிலை வாசனைக்கு அளவுகோல் என்றே சொல்லலாம். டீ ரோஜாக்கள் வெப்பத்தை விரும்புபவை, ஆண்டு முழுதும் விட்டு விட்டுப் பூக்கும், ஆழ்ந்த கவாத்து (கிளைகளை வெட்டிக் குறைப்பது) பிடிக்காது. கடும் குளிர் உள்ள இடத்தில் இது தாங்காது, உங்களிடம் தாங்கும். குறை என்னவென்றால் காம்பு மெலிந்தது, பூ கவிழ்ந்தே இருக்கும், நிறமும் தூய மஞ்சள் இல்லை. தூய மஞ்சளில் உறுதியாக இருந்தால் இதை மறந்துவிடலாம்.

ஒட்டா சொந்த வேரா என்பதற்கு: கொரேசியாவை ஒட்டுச்செடியாகவே வாங்குங்கள். அழுத்தமான மஞ்சள்களில் பல சொந்த வேரில் மந்தமாக வளரும், மூன்று ஆண்டு ஆனாலும் புதராகத் திரளாது. ஜூலியா சைல்ட் சொந்த வேரிலும் நன்றாக வரும், முதல் ஆண்டு மட்டும் சிறிதாக இருக்கும். சொந்த வேரின் லாபம், அடியிலிருந்து வரும் எந்தத் தளிரும் அதே வகை. ஒட்டின் அடிச்செடியிலிருந்து கிளம்பும் காட்டுத்தளிர் தொல்லை இல்லை.

வாசல்படி:

இருவருக்கும் மிக்க நன்றி. கிரஹாம் தாமஸும் கோல்டன் செலிப்ரேஷனும் வெளியே. கொரேசியாவும் ஜூலியா சைல்டும் உறுதி, மோலினூவை யோசிக்கிறேன். இனி நடுவது பற்றி. மண் காரமாக இருப்பதும் களியாக இருப்பதும்தான் கவலை. அதே பாத்தியில் முன்பு ஒரு பழைய ரோஜா இருந்தது, போன ஆண்டு பிடுங்கினேன். அதனால் ஏதாவது பாதிப்பு வருமா?

மட்குக்குழி:

வரும். ரோஜா நின்ற இடத்தில் உடனே இன்னொரு ரோஜா வைத்தால் புதுச் செடி முரண்டு பிடிக்கும். வேர் ஓடாது, ஒரு ஆண்டு கழித்தும் வைத்தபடியே நிற்கும். பழைய வேர்ப்பகுதியில் பெருகிய நூற்புழுக்களும் பூஞ்சைகளும் சேர்ந்து செய்யும் வேலை அது. பழைய செடி நின்ற இடத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்துக்கு மண்ணை எடுத்து, தோட்டத்தின் வேறு மூலையில் ரோஜா வைக்காத மண்ணால் நிரப்புங்கள். எடுத்த மண் காய்கறிக்கும் மற்றப் பூச்செடிக்கும் நல்ல மண்தான், வீணாக்க வேண்டாம். அல்லது அந்த இடத்தைத் தவிர்த்து ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள், அதுவே சுலபம்.

களிக்கு முதலில் வடிகால் சோதனை. 30 சென்டிமீட்டர் குழி எடுத்து நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 சென்டிமீட்டராவது இறங்கினால் சரி. அதற்குக் குறைந்தால் குழியில் என்ன போட்டும் பலன் இல்லை. பாத்தியையே 25 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்ட வேண்டும். களிமண்ணில் ஒரு குழி மட்டும் எடுத்து அதில் முழுக்க மட்கு நிரப்பினால், சுற்றியுள்ள களி கிண்ணமாக நின்று மழைநீரை அங்கேயே தேக்கும், வேர் அழுகும். பாத்தி முழுவதும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, மேலே 7 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு நன்றாக மட்கிய தொழு உரம் பரப்பிக் கலப்பதுதான் முறை. களியை இளக்க ஆற்றுமணலைக் கொஞ்சம் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிறிய அளவு மணல் களியோடு சேர்ந்து இறுகிவிடும்.

பி.எச். 7.4 பயப்படும் அளவு இல்லை. ரோஜாவுக்கு 6.0 முதல் 6.8 வரை சுகம், 7.5 வரை சமாளிக்கும். ஆனால் இரும்புச் சத்து எட்டாமல் போகும். புதுத்தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் அடையாளம். அடி இலை மஞ்சளானால் அது வேறு. தழைச்சத்துக் குறைவு, நீர் தேக்கம், இலை முதுமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, கந்தகம் போட்டுத் தீராது. உயர்த்திய பாத்தியும் தொடர்ந்து மட்குமே வழி. பொங்கவில்லை என்றால் சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத் தூளை மேல்மண்ணில் கலந்துவிட்டு 3 மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகத்தான் அமிலமாக்கும். உடனே மாறவில்லை என்று அடுத்த வாரமே இன்னும் போடாதீர்கள். கார மண்ணுக்கு இரும்பு தருவதாக இருந்தால் பெட்டியில் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று எழுதியிருக்க வேண்டும், இ.டி.டி.ஏ. (EDTA) வடிவம் 7-க்கு மேலே பயன் தராது. இந்தச் சின்ன எழுத்து வித்தியாசத்தில் காசு வீணாகும்.

நடும் முறை: குழி 45 சென்டிமீட்டர் ஆழம், 60 அகலம். குழியின் பக்கச் சுவரை மண்வெட்டி வழவழப்பாக்கியிருக்கும், முள்கரண்டியால் கீறிவிடுங்கள். வெறும் வேர்ச் செடியாக வந்தால் நடும் முன் 2 முதல் 12 மணி நேரம் நீரில் ஊற வைக்கலாம், ஒரு நாளைத் தாண்ட வேண்டாம். தொட்டிச் செடியில் வேர் சுற்றியிருந்தால் கையால் பிரித்து விடுங்கள், பந்து உடையாமல் பதவிசாக. ஒட்டுக் கட்டிய முடிச்சு உறைபனி இல்லாத இடத்தில் மண்ணுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். கடுங்குளிர் உள்ள ஊராக இருந்தால் இதற்கு நேர்மாறு, 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள். குழியில் ரசாயன உரம் வேண்டாம். வெட்டுப்பட்ட வேர் கருகும். எலும்புத்தூளும் கார மண்ணில் பயன்படாது. மண்ணை மிதித்து இறுக்காமல் கையால் அழுத்தி, 10 லிட்டர் நீர் ஊற்றி, இறங்கியபின் மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) 5 முதல் 7 சென்டிமீட்டர். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்.

முதல் 6 வாரம் மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் இருமுறை, செடிக்கு 10 முதல் 12 லிட்டர், மண்ணில் ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவது வேரை மேலேயே நிறுத்திவிடும்; அந்தச் செடிதான் முதல் வெப்ப அலையில் வாடும்.

கத்தரிக்கோல்:

மறுபூப்பு பற்றி யாரும் பேசவில்லை. திரும்பப் பூக்கும் வகை என்று வாங்கினால் அது தானாகப் பூத்துக்கொண்டே இருக்கும் என்ற எண்ணம் வேண்டாம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 5 முதல் 7 வாரம் ஆகும்; வெப்பம் மிதமாக இருந்தால் 5, குளிர்ந்தால் 7. அந்த இடைவெளி நீள்வது பெரும்பாலும் நம் கையால்தான்.

வாடிய பூவைக் கிள்ளாமல் விட்டால் காய் கட்டும். காய் கட்டினால் செடி அடுத்த தளிரை நிறுத்தி வைக்கும். கொத்தாகப் பூக்கும் கொரேசியா, ஜூலியா சைல்டில் முதலில் வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள், கொத்து முழுதும் முடிந்தபின் கொத்தின் கீழே முதல் முழு இலைக்கு மேல், வெளிப்புறம் பார்த்த கண்ணுக்கு 5 மில்லிமீட்டர் மேலே வெட்டுங்கள். ஐந்து இலைத்துணுக்கு உள்ள இலைவரை இறங்கி வெட்ட வேண்டும் என்பது பழைய விதி. அவ்வளவு இறங்கினால் இலை அதிகம் போகும், அடுத்த பூ தாமதமாகும். கொம்பு மெலிந்திருந்தால் மட்டும் பென்சில் தடிமன் உள்ள இடத்துக்கு இறங்குங்கள். நுனியில் மொட்டு இல்லாமல் நின்றுவிட்ட மலட்டுத்தளிரைப் பாதியாக வெட்டினால் பக்கக் கண்ணிலிருந்து பூத்தளிர் வரும்.

உரம் ஒவ்வொரு சுற்றும் முடிந்து வெட்டிய உடனே. மொட்டு தெரிந்தபின் போடுவது அந்தச் சுற்றுக்கு உதவாது. ரோஜாவுக்கான கலப்பு உரம் செடிக்கு 40 முதல் 50 கிராம், தண்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வட்டமாகத் தூவி, கிளறி, நீர் பாய்ச்சுங்கள். மண் காய்ந்திருக்கும்போது போட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் கரும்பச்சை இலையும் அசுவினிக் கூட்டமும் வரும், பூ வராது. ஆண்டுக்கு ஒருமுறை செடிக்கு 4 கிலோ தொழு உரம்.

35 டிகிரிக்கு மேல் போகும் மாதங்களில் செடி அரைத்தூக்கத்தில் இருக்கும். பூ சிறுக்கும், இதழ் குறையும், வாசனை மங்கும், எல்லாம் இயல்பே. அப்போது உரம் போட்டுத் தட்டி எழுப்பாதீர்கள், கவாத்தும் வேண்டாம். இலை நிழல்தான் கொம்பை வெயில் சுடாமல் காக்கும். நீரும் மூடாக்கும் போதும். பெரிய கவாத்து வெப்பம் தணிந்து குளிர் பருவம் தொடங்கும் முன். குளிர் நாட்டில் என்றால் குளிர் முடியும்போது, மொட்டுக்கண் பருக்கத் தொடங்கும் வேளையில். கொரேசியாவையும் ஜூலியா சைல்டையும் பாதி உயரத்துக்கு, 40 முதல் 45 சென்டிமீட்டர் நிற்கும்படி. மோலினூவை மூன்றில் ஒரு பங்கு மட்டும். முதல் இரண்டு ஆண்டு செத்த குச்சி, உரசும் குச்சி, சுள்ளி இவற்றை எடுப்பதோடு நிறுத்துங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு முதிய தண்டை அடியோடு எடுத்தால் புதுத்தண்டு எழும்பும்.

ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து வரும் காட்டுத்தளிரை மண் மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். மண்ணை விலக்கி, வேரோடு சேருமிடத்தில் பிடித்துப் பிய்த்து எடுக்க வேண்டும். இலைத்துணுக்கு ஏழு இருந்தால் காட்டுத்தளிர் என்று சொல்வதை நம்பிச் சில நல்ல வகைகளின் தளிரையே பிய்த்துவிடுகிறார்கள். எண்ண வேண்டாம், எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்.

இலையடி:

வாரம் மருந்தடிக்க முடியாது என்றதால் இதைச் சொல்கிறேன். கரும்புள்ளிப் பூஞ்சை இலைக்குள் இறங்க, இலை தொடர்ந்து ஏறத்தாழ 7 மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். அந்த 7 மணியை அதற்குக் கொடுக்காமல் இருப்பதே முக்கால் சிகிச்சை. மாலையில் இலை மேல் நீர் தெளிக்காதீர்கள். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள். தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உள்ள இலைகளை எடுத்துவிட்டால் மழைத்துளி மண்ணிலிருந்து தெறிக்க விடும் வித்துகள் இலையை எளிதில் எட்டாது. புள்ளி விழுந்த இலை உதிர்ந்தால் அன்றே பொறுக்குங்கள்; மட்குக் குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். இவ்வளவும் செய்தால் ஜூலியா சைல்டுக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். கொரேசியாவில் மழைக்காலத்தில் அடி இலை கொஞ்சம் போகும், செடி அதைத் தாங்கும்.

சாம்பல் நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு இலை நனைய வேண்டியதில்லை. பகல் வெதுவெதுப்பும் இரவு ஈரக்குளிரும் மாறி மாறி வரும் நாள்களில், சுவர் ஓரத்தில் காற்று நிற்கும் இடத்தில் வரும். உங்கள் பாத்தியின் பின்புறம் சுவர் என்பதால் செடியைச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

மஞ்சளுக்கே உரிய தொல்லை இலைப்பேன். வெளிர் நிறப் பூக்களைத் தேடி வரும். மொட்டின் விளிம்பு பழுப்பாகும், பாதி விரிந்து நிற்கும், இதழைப் பிரித்தால் ஊசிமுனை அளவில் ஓடும். மழையில் மொட்டு நனைந்து ஒட்டிக்கொண்டு விரியாமல் அழுகுவதும் இதேபோல் தெரியும். பிரித்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். இலைப்பேன் என்றால் தாக்கிய மொட்டுகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டு அகற்றுவதே முதல் வேலை, ஏனென்றால் இதழுக்குள் இருப்பதை எந்தத் தெளிப்பும் எட்டாது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு, மாலை வெயில் இறங்கியபின் இளமொட்டுகளில் மட்டும் அடியுங்கள். நண்பகலில் அடித்தால் இலை கருகும். தேனீ வரும் நேரமும் அதுதான்.

கடும் கோடையில் இலையின் மேல்புறம் மணல் தூவியதுபோல் வெளிர் புள்ளி விழுந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள், செஞ்சிலந்தி. நாலைந்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இலை நனையக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. அதிகாலையில் நனைந்த இலை 9 மணிக்குள் காய்ந்துவிடும்.

வாசல்படி:

அருமையான விளக்கங்கள், எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. 4 மீட்டரில் எத்தனை செடி? இரண்டு வகையையும் மாற்றி மாற்றி வைக்கலாமா?

ஒட்டுக்கணு:

மாற்றி மாற்றி வேண்டாம். கொரேசியாவின் எலுமிச்சை மஞ்சளும் ஜூலியா சைல்டின் வெண்ணெய் மஞ்சளும் ஒன்றையடுத்து ஒன்று நின்றால் ஒன்று அழுக்காகத் தெரியும். கூட்டமாக வையுங்கள்: பாத்தியின் ஒரு பக்கம் மூன்று கொரேசியா, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் தட்டையான முக்கோணமாக. மறுபக்கம் இரண்டு ஜூலியா சைல்ட், 75 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மீட்டரைத் தாழ்ந்த செடிகளுக்கு விடுங்கள். மோலினூவுக்கு இந்தப் பாத்தியில் இடமில்லை. காற்று பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் கொரேசியா இருக்கட்டும், வாசனை பாதை நெடுக வரும். மூன்று சேர்ந்திருப்பதாலும் வாசனை கூடும். ஒற்றைச் செடியில் அந்த அளவு கிடைக்காது.

பாதை விளிம்பிலிருந்து முதல் செடி 50 சென்டிமீட்டர் தள்ளி. அதைக் குறைத்தால் இரண்டாம் ஆண்டில் முள் துணியைப் பிடிக்கும், நீங்களும் பாதைப் பக்கம் மட்டும் வெட்டி வெட்டிச் செடியை ஒருக்களிக்க வைத்துவிடுவீர்கள். நட்ட பின் வரும் முதல் மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள், இலைகளை விட்டுவிட்டு. மூன்று புதுத்தண்டு முழங்கால் உயரம் வந்தபின் பூக்க விடலாம்.